வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் ஆய்வு நல்கை: க்ளூகி மையத்துக்கு விண்ணப்பிக்க முழுமையான வழிகாட்டி

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு முடிந்த கையோடு ஆய்வாளர்களுக்கு ஒரு கவலை வரும். ஆய்வேட்டைப் புத்தகமாக்க ஆறு மாதம் நிம்மதியாக உட்கார யார் இடம் கொடுப்பார்கள்? கல்லூரியில் வேலை கிடைத்தால் பாடம், விடைத்தாள், கமிட்டி என்று நாள் ஓடிவிடும். கிடைக்காவிட்டால் கௌரவ விரிவுரையாளர் சம்பளத்தில் குடும்பத்தை ஓட்டுவதே பெரும்பாடு. ஆய்வேடு அலமாரியிலேயே கிடக்கும். அப்படிக் கிடக்கும் நல்ல ஆய்வேடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உலகின் பெரிய தேசிய நூலகங்கள் சில, ஆய்வாளர்களை அழைத்து, மேசை கொடுத்து, மாதாமாதம் பணமும் கொடுத்துப் படிக்கச் சொல்கின்றன. அவற்றில் எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கக்கூடிய ஒன்று, வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தின் (காங்கிரஸ் என்பது அமெரிக்க நாடாளுமன்றம்) க்ளூகி ஃபெல்லோஷிப். ஜான் டபிள்யூ. க்ளூகி என்ற தொழிலதிபர் கொடுத்த 6 கோடி டாலரில் 2000-ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு மையம் இதை நடத்துகிறது. வரலாற்றறிஞர் ரொமிலா தாப்பர் 2008-ல் இன்னொரு வரலாற்றறிஞரான பீட்டர் பிரவுனோடு பகிர்ந்துகொண்ட க்ளூகி பரிசும் இதே கொடையிலிருந்து வருவதுதான். பரிசு வாழ்நாள் சாதனைக்கு. இந்த நல்கையோ இப்போதுதான் ஆய்வுலகில் கால் வைப்பவர்களுக்கு.

அங்கே தமிழ் நூல்கள் எப்படிப் போயின

இதைத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பத்தைத் தொடவே கூடாது என்பேன்.

1950-களிலும் 60-களிலும் பி.எல். 480 என்ற சட்டத்தின் கீழ் அமெரிக்கக் கோதுமை இந்தியாவுக்கு வந்தது. ரேஷன் கடை கோதுமையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதற்கு இந்தியா கொடுத்த விலை டாலரில் இல்லை, ரூபாயில். அந்த ரூபாயை அமெரிக்கா இந்தியாவுக்குள்ளேதான் செலவழிக்க முடியும். அதில் ஒரு பங்கைப் புத்தகம் வாங்கப் பயன்படுத்தலாம் என்று பிறகு சட்டத்தைத் திருத்தினார்கள். 1962-ல் காங்கிரஸ் நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய மொழிகள் அனைத்திலும் வெளியானவற்றை வாங்கத் தொடங்கியது. நாவல், கவிதை, மாத இதழ், ஆண்டு மலர், துண்டு வெளியீடு என்று பலவும் கப்பலேறின. டெல்லி அலுவலகம் இன்றும் இயங்குகிறது. இலங்கை வெளியீடுகளும் அதன் பொறுப்பில்தான்.

ஆகவே 1962-க்குப் பிந்தைய தமிழ் அச்சு வரலாற்றுக்கு அந்த நூலகம் வலுவான இடம். நம்மூர்க் கிளை நூலகங்களில் கழித்துக் கட்டப்பட்ட வெளியீடுகள் அங்கே நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு உண்டு. 1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அதற்கு முன் இலங்கையில் அச்சானவற்றைத் தேடுகிறவர்கள் இந்த நூலகத்தின் பட்டியலையும் ஒருமுறை துருவிப் பார்க்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சுநூல்தான் உங்கள் பொருள் என்றால் லண்டன் பிரிட்டிஷ் நூலகமும் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் முதலில் போக வேண்டிய இடங்கள். மதுரை, யாழ்ப்பாணம் அமெரிக்க மிஷன்களின் ஆவணங்களைத் தேடி வாஷிங்டன் போக நினைப்பவர்களும் உண்டு. அந்த மிஷன்களை அனுப்பிய சங்கத்தின் ஆவணங்கள் இருப்பது ஹார்வர்டில். இந்த ஒரு தவறே ஒரு விண்ணப்பத்தைக் கவிழ்த்துவிடும்.

தமிழ் நூல்களை மட்டும் நினைக்கவும் வேண்டாம். காந்திய வழிக்கும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் போராட்டத்துக்கும் இருந்த உறவை ஆராய்பவருக்கு அங்கே பெரும் சுரங்கம் இருக்கிறது. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் ஆவணங்கள், அந்தப் போராட்டத்தில் முன்னின்ற பேயார்டு ரஸ்டினின் தாள்கள், ரோசா பார்க்ஸின் தாள்கள் மூன்றும் அங்கேதான்.

யார் விண்ணப்பிக்கலாம்

இலக்கியம், வரலாறு போன்ற மானுடப் புலத் துறைகள், சமூக அறிவியல், அல்லது சட்டம், கட்டடக்கலை போன்ற தொழில்துறைகளில் உயர்பட்டம் முடித்து ஏழு ஆண்டுக்குள் இருக்க வேண்டும். நம் கணக்கில் அது முனைவர் பட்டம். பிள்ளைப்பேறு, வேலையின்மை போன்ற காரணங்களால் ஆய்வுப் பணி இடையில் அறுந்தவர்களுக்கு இந்த ஏழாண்டு விதியில் தளர்வு கிடைக்கலாம். இதைப் பெண் ஆய்வாளர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். கெடு முடிந்துவிட்டது என்று தாங்களே முடிவுகட்டி ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஒதுங்காதீர்கள், காரணத்தை எழுதிக் கேளுங்கள்.

காலம் 4 மாதம் முதல் 11 மாதம் வரை. உதவித்தொகை மாதம் 5,000 டாலர். ஆண்டுக்கு அதிகபட்சம் 12 பேர் அளவில்தான் எடுக்கிறார்கள். தொகை, தேதி, எண்ணிக்கை மூன்றையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நாவலும் கவிதையும் எழுதுகிறவர்களுக்கு இது பொருந்தாது; இது ஆய்வுக்கு மட்டும். நியூயார்க் பொது நூலகத்தின் கல்மன் மையம் ஆய்வாளர்களோடு படைப்பாளிகளையும் சேர்த்து 15 பேரைச் செப்டம்பர் முதல் மே வரை வைத்துக்கொள்கிறது. அது தேசிய நூலகம் இல்லை. ஆனால் எழுத்தாளர்கள் முதலில் பார்க்க வேண்டிய கதவு அதுதான்.

படி 1: பட்டியலில் தேடுவது

விண்ணப்பத்தில் ஒரு வரிகூட எழுதுவதற்கு முன் மூன்று வாரமாவது நூலகத்தின் இணையப் பட்டியலில் செலவழியுங்கள். இங்கேதான் தமிழர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். தேடுகிறார்கள், எதுவும் வருவதில்லை, அங்கே ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் நூல் இருக்கும், தேடிய எழுத்துத்தான் வேறாக இருக்கும்.

தமிழ்த் தலைப்புகளை அந்நூலகம் ரோமன் எழுத்தில் மாற்றிப் பதிகிறது. அதற்கென்று கறாரான முறை உண்டு. நாம் பெயர்ப்பலகையில் எழுதுவதுபோல் ஒலியைப் பார்த்து எழுதுவதில்லை, எழுத்துக்கு எழுத்து. ககரம் எங்கே வந்தாலும் ‘கே’. ‘ஜி’ என்ற பேச்சே இல்லை. தகரம் எப்போதும் ‘டி’ (t); பக்கத்தில் ‘எச்’ வராது. பகரம் எப்போதும் ‘பி’ (p), சகரம் எப்போதும் ‘சி’ (c). ழகரத்துக்கு நாம் போடும் ‘இசட் எச்’ அங்கே கிடையாது. ‘எல்’ போட்டு அடியில் ஒரு கோடு. ளகரத்துக்கு ‘எல்’லின் அடியில் ஒரு புள்ளி. தேடும்போது கோடும் புள்ளியும் போட வேண்டியதில்லை.

அரிசி என்று தேட வேண்டுமானால் ஏ, ஆர், ஐ, சி, ஐ. பஞ்சம் என்றால் பி, ஏ, என், சி, ஏ, எம். தமிழ் என்பது டி, ஏ, எம், ஐ, எல். ‘சுதந்திரம்’ என்ற சொல்லை ‘எஸ்’ போட்டுத் தேடினால் கிடைக்காது; ‘சி’யில் தொடங்க வேண்டும். ஒரு தாளில் பதினெட்டு மெய்யையும் எழுதி, எதிரே ரோமன் எழுத்தைக் குறித்து மேசையில் ஒட்டிக்கொள்ளுங்கள். இரண்டு நாளில் கை பழகிவிடும். ஆசிரியர் பெயர்களை மட்டும் இரண்டு விதமாகவும் தேடுங்கள். ஆங்கிலத்தில் அறிமுகமான சில பெயர்கள் வழக்கமான எழுத்துக்கூட்டலிலேயே பதிவாகியிருக்கும்.

அடுத்தது அடுக்கு எண், அதாவது பொருள்வாரியாக நூலின் இடத்தைக் காட்டும் எண். தமிழ் இலக்கியம் அங்கே ‘பி எல்’ (PL) வகுப்பில், 4758 என்ற எண்ணைச் சுற்றி வருகிறது. தற்கால ஆசிரியர்கள் பெரும்பாலும் 4758.9-ன் கீழ். இந்தோ ஆரிய மொழிகளோடு தமிழ் சேர்வதில்லை. அவை ‘பி கே’ (PK). திராவிட மொழிகள் கிழக்காசிய, ஆப்பிரிக்க மொழிகளோடு வேறு வகுப்பில் உட்கார்ந்திருக்கின்றன. அடுக்கு எண்ணை வைத்துத் தேடினால் தலைப்பு தெரியாத நூல்களும் வரிசையாகக் கண்ணில் படும். அங்கே வாசகர்கள் அடுக்குகளுக்கு இடையே நடந்துபோய்ப் பார்க்க முடியாது, சீட்டு அனுப்பி வரவழைத்துத்தான் படிக்க வேண்டும். அதனால் இங்கிருந்தபடியே இந்த உலாவலை முடித்துவிடுவது நல்லது.

கண்டதையெல்லாம் ஓர் அட்டவணையில் ஏற்றுங்கள்: தலைப்பு, ஆண்டு, ஊர், அடுக்கு எண், எந்த வாசிப்பறை. கடைசிக் கட்டம் முக்கியம்: இதே நூல் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் இருக்கிறதா, கன்னிமாராவில் இருக்கிறதா? இருந்தால் நேர்மையாக ‘ஆம்’ என்று குறியுங்கள். உங்கள் அட்டவணையில் ‘ஆம்’ பெரும்பான்மையானால் தலைப்பை மாற்றுங்கள், அல்லது வாஷிங்டனை மறந்து தரமணிக்குப் பேருந்து ஏறுங்கள். சென்னையில் படிக்கக்கூடியதைப் படிக்க அமெரிக்கா வரை ஏன் வர வேண்டும் என்று தேர்வுக் குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்.

அட்டவணை தயாரானதும் நூலகத்தின் ‘ஆஸ்க் எ லைப்ரரியன்’ சேவை வழியாக ஆசியப் பிரிவுக்கு எழுதுங்கள். தெற்காசியப் பகுதிக்கென்று தனி வல்லுநர்கள் அங்கே உண்டு. ‘தமிழ் பற்றி என்ன இருக்கிறது’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். ‘இந்த இதழின் இந்த ஆண்டுத் தொகுதிகள் முழுமையாக உள்ளனவா, நுண்படச்சுருளாகவா, அச்சாகவா’ என்று கேளுங்கள். வரும் பதிலை உங்கள் முன்மொழிவில் அப்படியே பயன்படுத்தலாம். பட்டியலில் ஏறாத துண்டு வெளியீட்டுத் தொகுப்புகளைப் பற்றியும் இப்படித்தான் தெரியவரும்.

படி 2: முன்மொழிவு

இதுதான் விண்ணப்பத்தின் உயிர். ஒற்றை வரி இடைவெளியில் அதிகபட்சம் மூன்று பக்கம், ஆங்கிலத்தில். கூடவே ஒரே பத்தியில் சுருக்கம், நீங்கள் ஏற்கெனவே படித்த நூல்களின் பட்டியல்.

நம்மவர்கள் எழுதும் முன்மொழிவுகளில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் குறை ஒன்று உண்டு. முதல் ஒன்றரைப் பக்கம் தமிழின் தொன்மைக்கே போய்விடும். சங்கம், பக்தி, சிற்றிலக்கியம் என்று வந்து, கடைசிப் பத்தியில்தான் ஆய்வுப் பொருள் எட்டிப்பார்க்கும். ஆய்வேட்டின் முன்னுரையில் அப்படி எழுதிப் பழகிய கை அது. படிப்பவர்களில் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லாமல் போகலாம். பிரான்ஸ் வரலாறு படித்தவர் ஒருவர் முப்பதாவது விண்ணப்பமாக உங்களுடையதைக் கையில் எடுத்திருப்பார். முதல் பத்தியிலேயே கேள்வி என்ன என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஒரு கற்பனை விண்ணப்பத்தை எடுத்துக்கொள்வோம். பொருள்: 1960-களின் உணவுத் தட்டுப்பாடும் தமிழ் இதழ்களும். முதல் வரைவு இப்படி இருக்கும்:

‘தமிழ் இதழியலுக்கு நீண்ட மரபு உண்டு. இந்த ஆய்வு 1960-களின் இதழ்களில் சமூகச் சிக்கல்கள் எவ்வாறு பிரதிபலிக்கின்றன என்பதை ஆராயும். உலகப் புகழ்பெற்ற காங்கிரஸ் நூலகத்தின் வளங்கள் இதற்குப் பெரிதும் துணைபுரியும்.’

இதில் தவறென்று சொல்ல எதுவும் இல்லை. பிடித்துக்கொள்ளவும் எதுவும் இல்லை. எந்த நூலகத்தின் பெயரைப் போட்டாலும் இந்தப் பத்தி பொருந்தும். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

‘1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி தமிழ்நாட்டின் ஆட்சியையே மாற்ற உதவியது. அதே ஆண்டுகளில் அமெரிக்கக் கோதுமை ரேஷன் கடைக்கு வந்துகொண்டிருந்தது. அரிசி உண்பவர்களிடம் கோதுமையைக் கொண்டுசேர்க்கத் தமிழ் வார இதழ்களும் அரசு வெளியீடுகளும் என்ன எழுதின? எதிர்த்தவர்கள் என்ன எழுதினார்கள்? அந்தக் கோதுமைக்கு ஈடாக வந்த ரூபாயில் வாங்கப்பட்ட வெளியீடுகள் இந்நூலகத்தின் ஆசியப் பிரிவில் உள்ளன. கீழ்க்காணும் ஒன்பது இதழ்த் தொகுதிகளையும் சமையற்குறிப்புத் துண்டு வெளியீடுகளையும் நான் படிக்க வேண்டும். இவற்றுள் ஆறு, தமிழ்நாட்டு நூலகங்களில் எனக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. கோதுமை ஒப்பந்தம் குறித்த அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைப் பதிவுகளும் இதே வளாகத்தில் இருப்பதால், இரு தரப்பையும் ஓரிடத்தில் வைத்துப் படிக்க முடியும்.’

இரண்டாவதைப் படிப்பவர் வேறெந்த நூலகத்தையும் நினைக்க மாட்டார். ஏன் இங்கே என்ற கேள்விக்குப் பதில் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. தமிழுக்கு வெளியே இருப்பவருக்கும் கோதுமை, தேர்தல், அமெரிக்கா என்று ஒரு பிடி கிடைக்கிறது. தமிழின் பெருமையைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

மீதிப் பக்கங்களில் மூன்றைச் சொல்லுங்கள்: இதுவரை யார் என்ன எழுதியிருக்கிறார்கள், நீங்கள் எங்கே வேறுபடுகிறீர்கள், மாதவாரியாக என்ன செய்வீர்கள். மாதக் கணக்கை நிஜமாகப் போடுங்கள். ஓர் இதழின் ஓராண்டுத் தொகுதியைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் குறிப்பெடுக்க உங்களுக்கு எத்தனை நாள் ஆகும் என்று உள்ளூர் நூலகத்தில் சோதித்துப் பார்த்து எழுதுங்கள். அந்தக் கணக்கே உங்களுக்கு நான்கு மாதம் வேண்டுமா ஒன்பது மாதமா என்று சொல்லிவிடும். பதினொரு மாதமும் கேட்டால்தான் லாபம் என்று நினைக்க வேண்டாம். ஐந்து மாத வேலைக்கு ஐந்து மாதம் கேட்பவர் மீதுதான் நம்பிக்கை வரும்.

முடிவில் கையில் என்ன இருக்கும் என்பதையும் சொல்லுங்கள். புத்தகத்தின் மூன்றாம், நான்காம் இயல்கள் என்று குறிப்பாக.

படி 3: மற்ற தாள்கள்

தன்விவரக் குறிப்பு இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது. கருத்தரங்கச் சான்றிதழ் நாற்பதையும் அடுக்காதீர்கள். கட்டுரைகள், மொழிபெயர்ப்பு, களப்பணி போதும். தமிழில் எழுதிய கட்டுரைகளின் தலைப்பை ஆங்கிலத்தில் பெயர்த்துப் போடுங்கள். தாய்மொழி ஆங்கிலம் இல்லாதவர்கள் ஆய்வுக்குத் தேவையான ஆங்கிலம் தெரியும் என்பதற்கும் ஆதாரம் காட்ட வேண்டும்.

பரிந்துரைக் கடிதம் மூன்று, ஆங்கிலத்தில். எழுதுகிறவர்கள் உங்கள் முன்மொழிவைப் படித்திருக்க வேண்டும் என்பது விதி. இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ‘நீங்களே எழுதிட்டு வாங்கம்மா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்’ என்று சொல்லும் பேராசிரியர்கள் நம்மிடம் உண்டு. அப்படி வாங்காதீர்கள். மூன்று கடிதமும் ஒரே கையின் நடையில் இருந்தால் படிப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். நெறியாளர் ஒருவர் போதும். மற்ற இருவரும் உங்கள் எழுத்தை உண்மையாகவே படித்தவர்களாக இருக்கட்டும், துணைவேந்தராக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஒருவராவது வெளிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவராக இருந்தால் நல்லது. கருத்தரங்கில் உங்கள் கட்டுரையைக் கேட்டுக் கேள்வி எழுப்பிய பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதத் தயங்காதீர்கள்.

கேட்கும்போது முன்மொழிவையும் தன்விவரத்தையும் சேர்த்து அனுப்பி, ‘ஐயா, என் மூலாவணப் பயிற்சியைப் பற்றி நீங்கள் எழுதினால் உதவியாக இருக்கும்’ என்று குறிப்பாகக் கேளுங்கள். ஒருவர் மொழித்திறன், ஒருவர் ஆய்வின் புதுமை, ஒருவர் வேலையை முடிக்கும் குணம் என்று பிரித்துக்கொண்டால் மூன்று கடிதமும் ஒன்றையே சொல்லாது.

நாட்காட்டி

கடைசித் தேதி வழக்கமாகச் செப்டம்பர் 15. முடிவு அடுத்த மார்ச் வாக்கில் வரும். ஜனவரியில் பட்டியல் தேடலைத் தொடங்குங்கள். ஏப்ரலுக்குள் நூலகருக்குக் கடிதம். மே விடுமுறையில் முன்மொழிவு. ஜூனில் அதைத் தமிழ்த் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம், பொருளியல் படித்த நண்பரிடமோ பள்ளி ஆசிரியரான அக்காவிடமோ, கொடுத்து, ‘என் கேள்வி என்ன என்று ஒரு வரியில் சொல்லு’ என்று கேளுங்கள். சொல்ல முடியாவிட்டால் முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுங்கள். ஜூலையில் பரிந்துரையாளர்களைக் கேட்பது; செப்டம்பர் முதல் வாரத்தில் நினைவூட்டுவது.

கிடைத்துவிட்டால்: பணமும் விசாவும்

5,000 டாலர் என்றதும் ரூபாயில் பெருக்கிப் பார்த்து மலைக்க வேண்டாம். விமானச் செலவு, தங்குமிடம், மருத்துவக் காப்பீடு எல்லாம் உங்கள் பொறுப்பு. வாஷிங்டனில் வாடகை மிக அதிகம். பெரும்பங்கு அதற்கே போகும். நூலகத்துக்கு அருகே உள்ள மெட்ரோ நிலையம் கேபிடல் சவுத். நீலம், ஆரஞ்சு, வெள்ளி நிறத் தடங்கள் அங்கே நிற்கும். இந்தத் தடங்களில் சற்றுத் தள்ளி, வர்ஜீனியா பக்கம் அறை பார்த்தால் கொஞ்சம் மிச்சமாகலாம். முதல் மாதத் தொகை கைக்கு வருவதற்கு முன்பே முன்பணமும் வாடகையும் கட்ட வேண்டியிருக்கும். அதற்கு இங்கிருந்து பணம் கொண்டுபோக வேண்டும். வரிப் பிடித்தம் எவ்வளவு என்று ஏற்கும் முன்பே மையத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு ஆய்வாளர்கள் போவது ஜே-1 விசாவில். அதற்கான டி.எஸ்.-2019 படிவம் அழைப்பவர் தரப்பிலிருந்து வரும். அதை வைத்துக்கொண்டு செவிஸ் (வெளிநாட்டு மாணவர், ஆய்வாளர் பதிவு அமைப்பு) கட்டணம் கட்டி, டி.எஸ்.-160 என்ற விசா விண்ணப்பத்தை நிரப்பி, துணைத் தூதரக நேர்காணலுக்குப் போக வேண்டும். காப்பீட்டில் ஒரு நோய் அல்லது விபத்துக்குக் குறைந்தது 1,00,000 டாலர் பாதுகாப்பு இருக்க வேண்டும். மலிவான சுற்றுலாக் காப்பீடு போதாது. டி.எஸ்.-2019-ல் உங்களை எந்தப் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ‘ரிசர்ச் ஸ்காலர்’ என்றால், முடித்துத் திரும்பியபின் இரண்டு ஆண்டுக்கு அதே பிரிவில் மறுபடி போக முடியாது. ‘ஷார்ட் டேர்ம் ஸ்காலர்’ என்றால் அந்தத் தடை இல்லை, ஆனால் ஆறு மாதத்துக்கு மேல் தங்க முடியாது. அடுத்த ஆண்டே வேறொரு பல்கலைக்கழகம் போகும் எண்ணம் இருந்தால் இது முக்கியம்.

அரசுக் கல்லூரியில் இருப்பவர்கள் தடையின்மைச் சான்றுக்கு மார்ச்சிலேயே மனுப் போட்டுவிடுங்கள். கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போக எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

அங்கே போன பிறகு

1897-ல் திறந்த ஜெஃபர்சன் கட்டடம், எதிரே மேடிசன், பின்னால் ஆடம்ஸ் என்று மூன்று கட்டடங்கள். க்ளூகி மையமும் ஆசியப் பிரிவும் ஜெஃபர்சனில். கையெழுத்து ஆவணங்கள் மேடிசனில். 1814-ல் பிரிட்டிஷ் படை அமெரிக்க நாடாளுமன்றத்தைக் கொளுத்தியபோது நூலகமும் எரிந்துபோக, மறு ஆண்டு தாமஸ் ஜெஃபர்சனின் சொந்த நூல்கள் 6,487-ஐ 23,950 டாலருக்கு வாங்கித்தான் மறுபடி தொடங்கினார்கள். எரிந்த இடத்திலிருந்து எழுந்த நூலகம் என்பதே எனக்கு அதன்மேல் ஒரு பற்று.

முதல் நாளே வாசகர் அட்டை எடுங்கள், இலவசம். நூல்கள் சில மேரிலாந்தில் உள்ள ஃபோர்ட் மீட் கிடங்கில் இருக்கும். அவற்றை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கையெழுத்து ஆவண அறையில் பேனா கூடாது, பென்சில்தான். பெரும்பாலான வாசிப்பறைகளில் ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்க விடுவார்கள். ஒவ்வொரு நூலுக்கும் முதல் படமாக அடுக்கு எண் எழுதிய சீட்டைப் படமெடுங்கள். இதைச் செய்யாமல் விட்டு, ஊர் திரும்பியதும் ஆயிரக்கணக்கான படங்களில் எது எந்த இதழ் என்று தெரியாமல் திணறியவர்களை அறிவேன்.

பட்டியலில் தமிழ்ப் பெயர் பிழையாக ஏறியிருப்பதை வழியில் காண்பீர்கள். இரண்டு ஆசிரியர்கள் ஒருவராகப் பதிவாகியிருப்பார்கள், புனைபெயருக்கு உரியவர் யாரென்று தெரியாமல் விடப்பட்டிருக்கும். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அவற்றை அடுக்கு எண்ணோடு குறித்துக்கொண்டே வந்து, புறப்படும் முன் தெற்காசியப் பகுதி நூலகரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.